சலுகை மதிப்பெண் இல்லாமல் ரசிப்பது: குறைந்த செலவுச் சுயாதீனப் படங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட சுயாதீனப் படம் ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு குரல்களைத்தான் கேட்க முடிகிறது. “கையில் இருந்த காசுக்கு எவ்வளவோ முயன்றிருக்கிறார்கள், பாவம்” என்கிறது ஒன்று. “விருதுப் படம், கொஞ்சம் மெதுவாகத்தான் போகும்” என்கிறது மற்றொன்று. முதலாவது இரக்கப்பட்டுத் தட்டிக்கொடுக்கிறது, இரண்டாவது மரியாதையாகத் தள்ளிவைக்கிறது. திரையில் என்ன நடந்தது என்பதை இரண்டுமே சொல்வதில்லை. பெரிய படங்களின் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வராமலும், சிறிய படம் என்பதற்காகச் சலுகை மதிப்பெண் போடாமலும் இத்தகைய படங்களைப் பார்ப்பதற்குச் சிறிது பயிற்சி தேவைப்படுகிறது. அதைப் படிப்படியாக இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் தமிழிலிருந்தே எடுத்திருக்கிறேன். வேண்டிய இடங்களில் மட்டும் வெளியே போயிருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன்

குறைந்த செலவையும் சுயாதீனத்தையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. ஒரே பங்களாவுக்குள் சில வாரங்களில் எடுத்து முடிக்கப்பட்டு, ஒரு வெள்ளிக்கிழமை திரையரங்குக்கு வந்து அடுத்த வெள்ளிக்குள் மறைந்துவிடும் பேய்ப் படங்கள் செலவில் மிகச் சிறியவை. ஆனால் பாடல் எங்கே வர வேண்டும், நகைச்சுவை எவ்வளவு நேரம் வேண்டும் என்பதையெல்லாம் விற்பனைக் கணக்கே அங்கே தீர்மானித்திருக்கும். மறுபக்கம், பி.எஸ். வினோத்ராஜ் இயக்கி 2024-இல் வெளிவந்த ‘கொட்டுக்காளி’யை நடிகர் சிவகார்த்திகேயனின் நிறுவனம் தயாரித்தது, மக்கள் நன்கறிந்த சூரி அதில் நாயகன். ஆயினும் படத்தில் பாடலும் இல்லை, பின்னணி இசையும் இல்லை, வழக்கமான முடிவும் இல்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அந்தப் பணத்தோடு சேர்ந்து என்ன நிபந்தனை வந்தது என்பதே சுயாதீனத்தைத் தீர்மானிக்கிறது. இதன் எல்லைக்குப் போய்ப் பார்த்தவர் ஜான் ஆபிரகாம். தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யை (1977) எடுத்த அவர், மலையாளத்தில் ‘அம்மா அறியான்’ (1986) படத்துக்காக ஒடேசா என்ற கூட்டமைப்பின் வழியாக ஊர் ஊராகச் சென்று மக்களிடமே பணம் திரட்டினார்.

முதல் படி: பார்க்கும் சூழலைச் சரிசெய்துகொள்ளுதல்

படத்தின் செலவு எவ்வளவு என்ற செய்தியைப் படம் பார்த்து முடிக்கும்வரை படிக்காதீர்கள். அந்த எண் தெரிந்துவிட்டால் ஒவ்வொரு காட்சியையும் அதோடு ஒப்பிட்டு வியக்கவோ மன்னிக்கவோ தொடங்கிவிடுவோம். தவிர, அந்த எண்கள் பெரும்பாலும் விளம்பரத்துக்காகச் சுருக்கப்பட்டவை. ராபர்ட் ரோட்ரிகஸ் 7,000 டாலரில் எடுத்ததாகப் புகழ்பெற்ற ‘எல் மரியாச்சி’ (1992) படத்தைப் பெரிய ஸ்டூடியோ ஒன்று வாங்கிய பிறகு, திரையரங்குக்குத் தகுந்தபடி ஒலியையும் பிரதியையும் மேம்படுத்த அதைப்போலப் பல மடங்கு செலவழித்தது. திரையரங்கில் மக்கள் பார்த்தது 7,000 டாலர் படத்தை அல்ல.

ஒரே அமர்வில் பாருங்கள். இவ்வகைப் படங்களில் பல மிகச் சிறியவை; வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’ ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான். இடைவேளையை மனத்தில் வைத்து எழுதப்படாத படத்தை நாமாக நிறுத்தி, தேநீர் போட்டுவிட்டு வந்து தொடர்ந்தால், இயக்குநர் பொறுமையாகச் சேர்த்துவைத்த இறுக்கம் கலைந்துபோகும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அப்படிப் பார்ப்பதற்குக் கதைச் சுருக்கத்தைப் படித்துவிடலாம்.

நல்ல ஹெட்ஃபோன் ஒன்றைக் கட்டாயமாகப் பரிந்துரைப்பேன். திரை சிறியதாக இருந்தாலும் சமாளித்துக்கொள்ளலாம், ஒலி போய்விட்டால் இந்தப் படங்களில் பாதி போய்விடுகிறது. காரணத்தை மூன்றாம் படியில் காண்க.

இரண்டாம் படி: முதல் பத்து நிமிடங்களைப் படத்திடம் ஒப்படைத்தல்

வணிகப் படம் முதல் பத்து நிமிடங்களில் நாயகன் யார், சிக்கல் என்ன என்று அறிவித்துவிடும். சுயாதீனப் படம் அந்த நேரத்தைப் பெரும்பாலும் வேறொன்றுக்குப் பயன்படுத்துகிறது: தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நமக்குப் பழக்குகிறது. ஆகவே கதை எப்போது தொடங்கும் என்று காத்திருப்பதைவிட, கேமரா மனிதர்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, ஒரு ஷாட், அதாவது வெட்டில்லாமல் தொடரும் ஒரு காட்சித்துண்டு, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, யாருடைய வேலையை முழுவதுமாகக் காட்டுகிறார்கள், யாருடையதைப் பாதியில் வெட்டுகிறார்கள் என்பவற்றைக் கவனியுங்கள்.

சட்டகத்தின், அதாவது படம் தெரியும் செவ்வகத்தின், வடிவம்கூட ஒரு செய்திதான். திலீப் குமாரின் சிறுகதையை அடிப்படையாகக் கொண்டு அருண் கார்த்திக் இயக்கிய ‘நசீர்’ (2020) கோயம்புத்தூரில் துணிக்கடை ஒன்றில் விற்பனையாளராக இருக்கும் ஒருவரின் ஒரே நாளைச் சொல்கிறது. அகலத் திரை வழக்கமாகிவிட்ட காலத்தில் அந்தப் படம் ஏறத்தாழச் சதுரமான சட்டகத்தைத் தேர்ந்தெடுத்தது. குறுகிய வீடு, நெருக்கமான சந்து, அடுக்கிவைத்த சேலைகளுக்கு நடுவே நிற்கும் ஒரு மனிதன் ஆகியவை அந்தச் சட்டகத்துக்குள் இயல்பாகப் பொருந்துகின்றன. அதே நேரத்தில், அந்த மனிதனைச் சுற்றி ஊரில் என்ன உருவாகிக்கொண்டிருக்கிறது என்பது நம் கண்ணுக்குப் படாமலும் போகிறது.

மூன்றாம் படி: கேட்கக் கற்றுக்கொள்ளுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

தமிழ் வணிகப் படங்களில் பெரும்பாலானவற்றில் வசனம் படப்பிடிப்புக்குப் பிறகு டப்பிங் அறையில் மறுபடியும் பேசப்படுகிறது. அதனால் பேசுபவர் வயலின் கடைசி வரப்பில் நின்றாலும், முதுகைத் திருப்பிக்கொண்டாலும், குரல் நம் காதருகே ஒரே தெளிவோடு இருக்கும். இதற்கு நாம் முழுவதுமாகப் பழகிவிட்டோம். படப்பிடிப்பு நடக்கும்போதே ஒலியைப் பதிவுசெய்யும் படத்தில், மனிதர் திரும்பினால் குரலும் திரும்புகிறது. மின்விசிறியும் தெருவும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் வசனத்தோடு சேர்ந்தே வருகின்றன. சிலருக்கு இது தெளிவின்மையாகத் தோன்றலாம். உண்மையில் அந்தத் தூரமும் அந்த இரைச்சலும்தான் அந்த மனிதர் எத்தகைய இடத்தில் வாழ்கிறார் என்பதை வசனமின்றிச் சொல்கின்றன.

பின்னணி இசையை விலக்குவது இன்னும் பெரிய முடிவு. சென்னையில் தகவல் தொழில்நுட்பத் துறையின் வளர்ச்சியால் வாடகை ஏறிய காலத்தில் வீடு தேடி அலையும் ஒரு குடும்பத்தைப் பற்றிய, செழியன் இயக்கிய ‘டு லெட்’ படத்திலும் இசையை நம்பிக் காட்சிகள் அமைக்கப்படவில்லை. இசை இருந்தால், எங்கே வருந்த வேண்டும், எங்கே அஞ்ச வேண்டும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடும். அது இல்லாதபோது அந்தப் பொறுப்பு பார்வையாளரிடம் வந்துசேர்கிறது. ‘கொட்டுக்காளி’யில் பயணத்தின் பெரும்பகுதியை நிரப்புவது ஆட்டோ எஞ்சினின் சத்தமும், தொண்டை கட்டிப்போன நாயகனின் கரகரத்த குரலும்தான். நாயகி ஏறக்குறையப் பேசுவதே இல்லை. அவளைச் சுற்றியிருக்கும் அத்தனை சத்தத்துக்கும் எதிராக அவளுடைய மௌனம் நிற்பதை இசை இருந்திருந்தால் நாம் உணர்ந்திருக்க முடியாது.

‘நசீர்’ படத்தில் ஒலி கதையையே தாங்குகிறது. வன்முறையைத் தூண்டும் பேச்சு ஒன்று ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறது; படத்தின் மனிதர் அதைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். பேசுபவர்களைக் காட்டாமல் காற்றில் மட்டும் மிதக்கவிடுவது செலவு குறைந்த வழியும்கூட. பெரும் கூட்டத்தைத் திரட்டிப் படமாக்க வேண்டியதில்லை. ஆனால் காண முடியாத அந்தக் குரல், காட்டப்பட்ட எந்தக் கூட்டத்தையும்விட அதிகமாக அச்சுறுத்துகிறது.

பயிற்சியாக, படத்தின் நடுவே ஏதேனும் ஒரு காட்சியில் இரண்டு நிமிடம் கண்களை மூடிக்கொண்டு கேளுங்கள். இடம், நேரம், மனிதர்களுக்கிடையே உள்ள தூரம் ஆகியவை காதுக்குப் புலப்பட்டால் அந்தப் படத்தில் ஒலி சிந்திக்கப்பட்டிருக்கிறது. ஷாட் மாறும் ஒவ்வொரு முறையும் பின்னால் இருக்கும் இரைச்சலும் வெட்டுப்பட்டு மாறினால், அல்லது வெறுமையை மறைப்பதற்காகத் துயரக் காட்சிகளிலெல்லாம் வயலின் இழைந்துகொண்டே இருந்தால், அங்கே கவனக்குறைவு இருக்கிறது. பணமின்மையை அதற்குக் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை. ரோட்ரிகஸ் மேற்சொன்ன படத்தை ஒலியே இல்லாமல் படம்பிடித்துவிட்டு, நடிகர்களை வசனத்தைத் திரும்பச் சொல்லவைத்துத் தனியாகப் பதிவுசெய்தார். உதட்டசைவு பொருந்தாமல் போன இடங்களில் வேறொரு ஷாட்டுக்குத் தாவினார். அந்தப் படத்தின் துடிப்பான படத்தொகுப்புக்கு இந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

நான்காம் படி: ஒளியையும் இடத்தையும் படித்தல்

வெளிப்புறப் படப்பிடிப்பில் நடுப்பகல் வெயிலை ஒளிப்பதிவாளர்கள் பொதுவாகத் தவிர்ப்பார்கள். முகத்தில் கடுமையான நிழல் விழும், வானம் வெளுத்துப்போகும். காலையும் மாலையும்தான் அழகு என்பது தொழில் மரபு. ‘கூழாங்கல்’ இந்த மரபைத் தலைகீழாக்குகிறது. மதுரை மாவட்டத்தின் வறண்ட நிலத்தில், குடிகாரத் தந்தையும் பள்ளிச் சிறுவனான மகனும் கொதிக்கும் வெயிலில் நடந்தே ஊர் திரும்பும் படம் அது. அந்த வெயிலுக்கு ஒரு திரையைப் பிடித்து மென்மையாக்கியிருந்தால் படத்துக்கு அடிப்படையே இருந்திருக்காது. 2021-ஆம் ஆண்டு ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மைப் பரிசான டைகர் விருதைப் பெற்று, அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் இந்தப் படம்தான். ஆனால் அந்தச் செய்தியைவிட, தந்தையின் கோபம் எந்த இடத்தில் வெயிலிடம் தோற்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

இடத்தைப் பொறுத்தவரை ஒரு கேள்வி போதும்: இந்தக் கதை இந்த இடத்தில் மட்டும்தான் நடக்க முடியுமா? பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சொந்த வீடு கட்ட முயல்வதைச் சொல்லும் படம். அதற்காக ஒரு வீடு உண்மையாகவே கட்டப்பட்டது. அடித்தளம், சுவர், தளம் என்று கட்டடம் உயரும் அளவே அந்தப் படத்தின் நாட்காட்டி. செலவழித்த ஒரே பெரிய பொருளைக் கதையின் மையமாகவே ஆக்கிக்கொண்ட சிக்கனம் அது. ஷான் பேக்கர் ஐஃபோன் 5எஸ் கருவிகளால் எடுத்த ‘டேன்ஜரின்’ (2015) படத்திலும் இதைக் காணலாம். சிறிய கருவி என்பதால் லாஸ் ஏஞ்சலஸ் நடைபாதைகளில் நடிகர்களோடு கூடவே ஓட முடிந்தது.

இதற்கு நேர்மாறானதையும் சொல்லியாக வேண்டும். ட்ரோன் மலிவாகிவிட்ட பிறகு, ஊரின் மேலே பறந்து சென்று பசுமையைக் காட்டும் ஷாட் சின்னப் படங்களின் கட்டாயச் சடங்காகிவிட்டது. யாருடைய பார்வை அது என்ற கேள்விக்கு அந்தப் படங்கள் பெரும்பாலும் பதில் வைத்திருப்பதில்லை.

ஐந்தாம் படி: பழகாத முகங்களைப் பார்த்தல்

தெரிந்த நடிகர் திரைக்கு வரும்போது அவருடைய முந்தைய படங்களும் சேர்ந்தே வருகின்றன. தெரியாத முகத்திடம் அந்த வசதி இல்லாததால், அவர் யார் என்பதை உடல்மொழியிலிருந்தே நாம் சேகரிக்க வேண்டியிருக்கிறது. எனவே தொழில்முறை அல்லாத நடிகர்களின் வசன உச்சரிப்பை முதலில் எடைபோடாதீர்கள். அவர்களுடைய கைகளைப் பாருங்கள். பீடி சுற்றுவது, குடத்தை இடுப்பில் ஏற்றுவது, பேருந்தில் இடம் பிடிப்பது ஆகியவற்றை நடித்துக் காட்டுபவருக்கும் செய்து பழகியவருக்கும் உள்ள வேறுபாட்டை கேமரா மறைக்காது. அதை நம்பி நீண்ட வசனங்களைத் தவிர்க்கும் இயக்குநர் புத்திசாலி. ஊர்க்காரர்களை நடிக்கவைத்துவிட்டு அவர்கள் வாயில் மேடைப் பேச்சைத் திணிக்கும் படங்களில் அந்த முகங்கள் வீணாகின்றன.

இந்த முறைக்கு அசாமியப் படமான ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்’ (2017) நல்ல பாடம். ரீமா தாஸ் தன் சொந்தக் கிராமத்துக் குழந்தைகளை வைத்து, எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு அனைத்தையும் தானே ஏற்று அதை உருவாக்கினார். கித்தார் வாங்க ஆசைப்படும் சிறுமியின் கதை. பெரிய யூனிட் ஒன்று சூழ்ந்து நின்றிருந்தால் அந்தக் குழந்தைகள் மரத்தில் ஏறியிருப்பார்கள், ஆனால் அப்படி மரத்திலேயே சாய்ந்து உறங்கியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

ஆறாம் படி: காலத்தை அளத்தல்

நீண்ட ஷாட் வந்தவுடன் “இதை வெட்டியிருக்கலாமே” என்று தோன்றுவது இயல்பு. அந்த எண்ணத்தைச் சற்றுத் தள்ளிவைத்து, ஷாட் தொடங்கியபோது நமக்குத் தெரியாத எது இப்போது தெரிகிறது என்று கேட்டுப்பாருங்கள். ‘கூழாங்கல்’ படத்தின் இறுதியில், ஊற்றுப் பள்ளத்தில் சுரக்கும் தண்ணீரை ஒரு பெண் சிறிது சிறிதாக மொண்டு குடத்தில் நிரப்புகிறார். அதுவரை ஓர் ஆணின் ஆத்திரம் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்த நமக்கு, பெண்களின் வேலை எடுத்துக்கொள்ளும் நேரத்தை அந்த ஷாட் அளந்து காட்டுகிறது. வெட்டிச் சுருக்கியிருந்தால் தகவல் கிடைத்திருக்கும், அந்த அளவு கிடைத்திருக்காது. அப்படி எதுவும் மாறாமல் வெறுமனே நீளும் ஷாட்டைக் குறை சொல்லத் தயங்க வேண்டாம்.

திரைக்கு வெளியே செலவான காலமும் படத்துக்குள் வந்துவிடுவதுண்டு. சத்யஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’க்காக 1952-இல் நாணற்பூ வயலில் படப்பிடிப்பைத் தொடங்கினார், மீதிக் காட்சியை எடுக்கத் திரும்பிச் சென்றபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பூக்கும் பருவம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பணத்தட்டுப்பாட்டால் விட்டுவிட்டு நடந்த படப்பிடிப்பு, மேற்கு வங்க அரசின் உதவி கிடைத்த பிறகே முடிந்து 1955-இல் படம் வெளியானது. சார்ல்ஸ் பர்னெட் 1970-களில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் வார இறுதிகளில் எடுத்த ‘கில்லர் ஆஃப் ஷீப்’ 10,000 டாலருக்கும் குறைவான செலவில் முடிந்தது. அதில் பயன்படுத்திய பாடல்களின் உரிமைத்தொகை அதைவிடப் பல மடங்கு என்பதால் 2007 வரை முறையாகத் திரையரங்குக்கு வர முடியவில்லை.

ஏழாம் படி: தட்டுப்பாடா, தேர்வா?

பார்த்து முடித்த பிறகு, உங்களை உறுத்திய காட்சிகளை நினைவுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த இயக்குநருக்குப் பத்து மடங்கு பணம் கிடைத்திருந்தால் இதை வேறு விதமாக எடுத்திருப்பாரா? ‘கூழாங்கல்’ படத்தின் வெயிலையும் ‘நசீர்’ படத்தின் சட்டகத்தையும் மாற்றியிருக்க மாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். மழைக்காட்சியில் நாலு அடிக்கு மட்டும் மழை பெய்வதையும், காவல் நிலையம் என்று சொல்லிவிட்டு ஒரு மேசையையும் காந்தி படத்தையும் காட்டுவதையும் மாற்றியிருப்பார்கள். முன்னது தேர்வு, பின்னது தட்டுப்பாடு. தட்டுப்பாட்டை மன்னித்துவிடலாம், அதற்குப் பாராட்டு தேவையில்லை. எடுக்க முடியாது என்று தெரிந்த காட்சியை எழுதாமல் விட்டிருக்கலாமே என்று கேட்பதும் நியாயம்தான்.

சில குறைகளை மன்னிக்கவே கூடாது. திரைக்கதையைத் திருத்தி எழுதக் காகிதமும் பொறுமையும் போதும். அதைவிட முக்கியமானது பார்வை. வறுமையைக் காட்டினாலே படம் நேர்மையானது என்ற நம்பிக்கையில், வெடித்த நிலம், வற்றிய குழாய், கலைந்த தலைச் சிறுவன் என்று வரிசைப்படுத்தும் விழாப் படங்களும் வருகின்றன. இவற்றை இனம்காண எனக்கு உதவும் ஒரு வழி உண்டு: அந்தப் படத்தில் வரும் ஏழைகளுக்குச் சிரிக்கவும், குறும்பு செய்யவும், தவறு செய்யவும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். துன்பப்படுவதற்கு மட்டுமே அனுமதிக்கப்பட்ட மனிதர்கள் இருக்கும் படம், எவ்வளவு சிக்கனமாக எடுக்கப்பட்டிருந்தாலும், அவர்களைச் சுரண்டுகிறது.

இந்தக் கேள்விகளுக்குப் பிறகு படத்தை இரண்டாம் முறை பார்ப்பது நல்லது. முடிவு தெரிந்துவிட்டதால் இம்முறை கதையைத் துரத்த வேண்டியதில்லை.

எட்டாம் படி: எதில் தொடங்கலாம், எங்கே பார்க்கலாம்

‘வீடு’ படத்திலிருந்து தொடங்குவதே எளிது. அதில் கதையோட்டம் பழக்கமானது, இளையராஜாவின் இசையும் உண்டு. அடுத்து ‘டு லெட்’, பிறகு ‘கூழாங்கல்’, அதன் பிறகு ‘நசீர்’ என்று போனால், துணைக்கு வந்த இசையும் விளக்கமும் ஒவ்வொன்றாக விலகுவதைப் பழகிக்கொள்ளலாம். ‘கொட்டுக்காளி’யின் திறந்த முடிவை இந்த வரிசையின் கடைசியில் சந்திப்பது ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

ஓடிடி தளங்களில் இவை வருவதும் போவதுமாக இருக்கும் என்பதால், கிடைக்கும்போது பார்த்துவிடுங்கள். டிசம்பரில் நடக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா, திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள விழா, 2015 முதல் நடந்துவரும் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா ஆகியவற்றில் படைப்பாளிகளையே சந்திக்கவும் வாய்ப்புண்டு. அங்கே கேள்வி நேரத்தில் ஒலிவாங்கி கைக்கு வந்தால் “பட்ஜெட் எவ்வளவு, எத்தனை நாள் ஷூட்டிங்” என்று தொடங்க வேண்டாம். அதை எல்லா ஊரிலும் கேட்டிருப்பார்கள். குறிப்பிட்ட ஒரு ஷாட்டைச் சொல்லி, கேமராவை ஏன் கதவுக்கு வெளியே நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள். திரையரங்கில் வெளியானால் முதல் மூன்று நாட்களுக்குள் சீட்டு வாங்குங்கள். காலைக் காட்சி ஒன்று மட்டும் கிடைத்த படத்துக்கு அடுத்த வாரம் என்பது பெரும்பாலும் இருப்பதில்லை.